ஏரி நிரம்புவதற்கு முன்னாடியே ஏன் திறக்கிறார்கள்?

நவம்பர் வந்தால் எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை நிச்சயம். சென்னைக்குக் குடிநீர் தருகிற செம்பரம்பாக்கம் ஏரியில் 21 அடி, 22 அடி என்று செய்தி வரும், உபரி நீர் திறப்பு என்று அடுத்த செய்தி வரும், உடனே யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்: "இன்னும் ரெண்டு அடி பாக்கி இருக்கு, அதுக்குள்ள ஏன் சார் கடலுக்கு விடறாங்க? மே மாசம் லாரித் தண்ணிக்கு யாரு காசு கொடுக்கறது?" இதைக் கேட்பவர்களில் பாதிப் பேர் 2015 வெள்ளத்தின்போது "ஏன் முன்னாடியே திறக்கலை" என்று கேட்டவர்கள். போன மழைக்காலத்தில் நான் நீளமாக ஒரு பதில் போட்டேன். யாரும் படித்த மாதிரி தெரியவில்லை, முதல் தளத்து மாமா மட்டும் ஒரு கும்பிடு போட்டார். நாங்கள் இருப்பது மணப்பாக்கம், அந்த உபரி நீர் வருகிற அடையாறு எங்களுக்கு நடக்கிற தூரம், அதனால் இதை அப்படியே விட மனசில்லை. இங்கே கொஞ்சம் விரிவாக எழுதிவிடுகிறேன்.

முதல் விஷயம், செம்பரம்பாக்கம் கரை மண் கரை. எட்டு ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு மண்ணைக் கொட்டி, கெட்டிப்படுத்தி, தண்ணீர்ப் பக்கம் கல் பதித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அணை என்றதும் நம் ஆட்களுக்கு மேட்டூர்தான் கண்ணுக்கு வருகிறது. மேட்டூர் மாதிரி கல்லும் காரையுமாகக் கட்டின சுவருக்கு மேல் கொஞ்சம் தண்ணீர் வழிந்தாலும் சுவர் உடனே போய்விடாது. மண் கரைக்கு அந்தச் சலுகை கிடையாது. கரையின் தலைக்கு மேல் ஒரே ஒரு இடத்தில் அரையடி தண்ணீர் ஏறி மறுபக்கம் வழிய ஆரம்பித்தால், அது வெளிச்சரிவு மண்ணை அரித்து ஒரு வாய்க்கால் போடும். அந்த வாய்க்கால் ஆழமாக ஆக இன்னும் அதிகத் தண்ணீர் அதன் வழியே பாயும், இன்னும் வேகமாக அரிக்கும், அப்புறம் அதை நிறுத்த எந்த இன்ஜினியராலும் ஆகாது.

குஜராத்தில் மோர்பிக்கு மேலே மச்சு-2 என்று ஒரு அணை. 1979 ஆகஸ்ட் 11, எதிர்பார்த்ததை விடப் பல மடங்கு வெள்ளம். நடுவில் ஷட்டர்கள் இருந்த கல் கட்டுமானம் நின்றுவிட்டது, இரண்டு பக்கமும் இருந்த மண் கரைகள்தான் அடித்துக்கொண்டு போயின. ஆயிரக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். அது பழைய கதை, வேறு ஊர் என்று சொல்பவர்களுக்கு இன்னொன்று: 2021 நவம்பர் 19, கடப்பா மாவட்டம் ராஜம்பேட்டை பக்கம் செய்யேறு ஆற்றில் அன்னமய்யா அணையின் மண் கரை உடைந்து கீழே இருந்த ஊர்களுக்குள் புகுந்தது. ரேணிகுண்டா தாண்டி மும்பை ரயில் போகிற வழிதான் ராஜம்பேட்டை. அதே நவம்பரில்தான் இங்கே தி.நகரில் முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தோம்.

கரை மேலே வழிந்துதான் உடைய வேண்டும் என்பதும் இல்லை. குன்றத்தூர் பக்கம் ஒரு டீக்கடையில் ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன், ஏரிக் கரைகளில் லஸ்கராக, அதாவது கரைக் காவலராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மழைக்காலத்தில் ராத்திரியெல்லாம் டார்ச் லைட்டோடு கரையின் வெளிப்பக்க அடிவாரத்தில் நடப்பதுதான் வேலை. மேலே ரோட்டில் இல்லை, கீழே, சேற்றில். "அங்க என்னண்ணா பாப்பீங்க?" என்று கேட்டேன்.

"கசிவுதான் தம்பி. மண்ணு கரைன்னா கசியத்தான் செய்யும், அது தப்பில்ல. வர்ற தண்ணி தெளிஞ்சு வருதா, கலங்கி வருதா, அதான் கணக்கு. தெளிஞ்சு வந்தா போய்ப் படுக்கலாம். கலங்கி வந்துச்சுன்னா உள்ள மண்ணு கரைஞ்சு வருதுன்னு அர்த்தம், அப்புறம் தூக்கம் ஏது?"

கலங்கி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னது எனக்குப் புதிது. நம்மைக் கேட்டால் ஓட்டையை அடைக்கணும் என்போம். அடைக்கவே கூடாதாம். அடைத்தால் தண்ணீர் பக்கத்திலேயே இன்னொரு இடத்தில் இன்னும் வேகமாகக் கிளம்பும். ஊற்று வரும் இடத்தில் மணல் போட்டு, அதன் மேல் ஜல்லி போட்டு, சுற்றிலும் மூட்டை அடுக்க வேண்டும். தண்ணீர் வரட்டும், மண் மட்டும் வரக்கூடாது. கரை சரிகிற இடமென்றால் சவுக்குக் கட்டைகளை வரிசையாக அடித்து அதற்குள் மூட்டைகளை இறக்குவார்கள். மழைக்கு முன்னாடி எலி வளை, நண்டு வளை, கரையான் புற்று எல்லாவற்றையும் தேடித் தோண்டி மூட வேண்டும். கரையில் மரம் நன்றாக வளர்ந்து நிழல் தந்தால் நமக்குப் பார்க்க அழகு. ஆனால் அந்த மரம் செத்து வேர் மக்கினால் கரைக்குள் ஒரு குழாய் போட்ட மாதிரி ஆகிவிடும் என்றார். வேலிக்காத்தானை வருஷா வருஷம் வெட்டுவது இதற்குத்தான். நான் அதுவரை ஏதோ ஒப்பந்தக்காரருக்குப் பில் போட வெட்டுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். (பில்லும் போடுவார்கள், அது வேறு.)

இன்னொரு சங்கடமும் உண்டு. பயமாக இருக்கிறது, கிடுகிடுவென்று ஏரியைக் காலி பண்ணிவிடலாம் என்றால் அதுவும் கரைக்கு ஆகாது. பல நாள் தண்ணீரில் ஊறின உள்சரிவை இத்தனை நாளும் எதிரே நிற்கிற தண்ணீரின் பாரம்தான் தாங்கிப் பிடித்திருக்கும். அந்தத் தண்ணீர் சட்டென்று இறங்கினால் ஊறின மண் தன் எடையிலேயே சரியும். ஆக, மண் கரை ஏரியில் ஏற்றுவதும் நிதானம், இறக்குவதும் நிதானம். நிதானமாக இறக்க வேண்டும் என்றால் முன்கூட்டியே ஆரம்பித்தாக வேண்டும். பால் பொங்கி விளிம்புக்கு வந்த பிறகா அடுப்பைக் குறைக்கிறோம்?

சரி, அந்த "ரெண்டு அடி பாக்கி" கணக்குக்கு வருவோம். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அதாவது 3.6 டி.எம்.சி. சொச்சம் (ஒரு டி.எம்.சி. என்றால் ஆயிரம் மில்லியன் கன அடி). ஏரி தட்டு மாதிரி அகலமானது என்பதால் மேல் இரண்டு அடியில் மட்டும் ஏறக்குறைய அரை டி.எம்.சி. பிடிக்கும். வினாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி. அப்படியென்றால் வினாடிக்கு 10,000 கன அடி வரத்து இருந்தால் மேல் இரண்டு அடியும் பதினாலு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 20,000 வந்தால் ஏழு மணி நேரம். நீங்கள் ராத்திரி சாப்பிட்டுப் படுத்து எழுந்திருப்பதற்குள் முடிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக அளந்து பெய்கிற மழை இல்லை, ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்து ஒரே நாளில் இருபது, முப்பது சென்டிமீட்டரைக் கொட்டிவிட்டுப் போகும். அந்த இரண்டு அடி காலி இடம் அந்த ஒரு நாளுக்காக வைத்திருப்பது. டிசம்பர் பாதி தாண்டி, வங்கக் கடலில் இனி பெரிதாக ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு அதை நிரப்பிக்கொள்ளலாம்.

திறந்துவிடுவதைப் பார்த்து வயிறு எரிவதும் நியாயம்தான், அதை நான் கிண்டல் பண்ணவில்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் தண்ணீர் ரயில் வந்ததே, நினைவிருக்கிறதா? ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். டிவியில் மாலை போட்டு வரவேற்காத குறை. அந்த 25 லட்சம் லிட்டரைக் கன அடியில் மாற்றிப் பார்த்தால் கிட்டத்தட்ட 88,000 வருகிறது. வினாடிக்கு ஒரே ஒரு கன அடி வீதம் ஒரு நாள் ஓடுகிற தண்ணீரும் அதுவும் ஏறக்குறைய ஒன்று. செம்பரம்பாக்கத்தில் வினாடிக்கு 1,000 கன அடி திறந்தார்கள் என்று செய்தி வந்தால், ஒரு நாளைக்கு ஆயிரம் ரயில் தண்ணீர் போகிறது என்று அர்த்தம். நான் இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். ஆனாலும் கரை உடைந்தால் போவது 3.6 டி.எம்.சி.யும்தான், அதோடு குன்றத்தூரில் ஆரம்பித்து அடையாறு முகத்துவாரம் வரைக்கும் இரண்டு கரையிலும் இருக்கிற நாங்களும்.

2015ஐப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அப்படியே ஒரு முழு நாள் போனால் 2.5 டி.எம்.சி., ஏரியில் மூன்றில் இரண்டு பங்கு. மத்திய தணிக்கைத் துறை பின்னால் கொடுத்த அறிக்கையில் இதை மனிதர்களால் வந்த பேரிடர் என்றே சொன்னது. என் கருத்து என்னவென்றால், அந்த ராத்திரி திறந்தது தப்பில்லை, திறக்காமல் கரையைச் சோதித்துப் பார்த்திருக்க முடியாது. நவம்பர் முழுக்கக் கொட்டித் தீர்த்திருந்தபோது, அடுத்த மழைக்குப் போதுமான இடம் விடாமல் வைத்திருந்ததுதான் கோளாறு. அப்புறம் இன்னொன்று, அன்றைக்கு அடையாற்றில் வந்தது ஏரித் தண்ணீர் மட்டும் இல்லை. ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், சோமங்கலம் என்று தெற்கிலும் மேற்கிலும் இருக்கிற சின்ன ஏரிகளெல்லாம் கோடி போய், அதாவது நிரம்பி வழிந்து, அதே ஆற்றில்தான் விழுந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஷட்டரே கிடையாது, நிரம்பினால் தானாக வழியும், யாரிடமும் கேட்காது. செம்பரம்பாக்கத்தின் உபரி திருநீர்மலை பக்கம் வந்து சேரும்போது ஆறு ஏற்கெனவே நிறைந்திருந்தது.

அதற்கு அடுத்து ஏரியைத் திறந்தது 2020 நவம்பர் 25, நிவர் புயல் வந்த அன்று. 22 அடி வந்ததும், மத்தியானம், வெளிச்சத்தில், முதலில் 1,000 கன அடி, அப்புறம் படிப்படியாக 9,000 வரைக்கும். எங்கள் பக்கம் பயந்து சாமானை எல்லாம் மாடிக்கு ஏற்றினோம், ஆறு கரைக்குள்ளேயே போனது. இப்படித்தான் செய்ய வேண்டும். அன்றைக்கும் குழுவில் "வேஸ்ட் பண்றாங்க" வந்தது என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

இந்த ஏரி நமக்காக வெட்டினதே இல்லை என்பதையும் யோசிக்க வேண்டும். பாசனத்துக்கான ஏரி. கரையில் மதகு வைத்து, கீழே இருந்த நெல் வயலுக்குத் தண்ணீர் விட்டவர்கள், உபரி போக கலங்கல் வைத்தார்கள், அந்த உபரி அடுத்த ஏரிக்குப் போனது, அது நிரம்பினால் அதற்கடுத்தது. ஏரி கோடி போனால் ஊரே போய் வேடிக்கை பார்க்கும், பூசை போடும். தண்ணீர் வீணாகிறது என்று யாரும் அழவில்லை, ஏனென்றால் வழிந்தது இன்னொருத்தன் வயலுக்குப் போனது. இன்றைக்கு அந்த அடுத்த ஏரி எங்கே? எந்த நகர், எத்தனையாவது மெயின் ரோடு என்று நீங்களே சொல்லுங்கள். இணைத்த கால்வாய் அடைபட்ட பிறகு மிச்சம் இருப்பது ஆறும் கடலும்தான், அங்கேதான் போகும்.

கரையைக் காப்பதுதான் ஏரியைக் காப்பது என்று பழைய ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. உத்திரமேரூர் கல்வெட்டில் பராந்தக சோழன் காலத்து ஏரி வாரியம் இருக்கிறது, குடவோலையில் ஆள் எடுத்து ஏரியைப் பார்த்துக்கொள்ள வைத்தார்கள். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். மதுராந்தகத்தில் கதையே வேறு. 1798இல், வருஷா வருஷம் உடைகிற கரை இந்தத் தடவையும் உடையப் போகிறது என்று கலெக்டர் பிளேஸ் துரை மழையில் போய் நின்றாராம், கரை மேல் வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்பதைப் பார்த்தாராம், கரை தப்பித்தது. கோயிலுக்குப் பெயர் ஏரி காத்த ராமர். நம்புவது அவரவர் இஷ்டம். எனக்கு இதில் பிடித்தது, ராமருக்கு அந்த ஊர் கொடுத்த வேலை: ராத்திரி மழையில் கரையைச் சுற்றி வருவது. அந்த லஸ்கர் பெரியவர் செய்ததும் அதையேதான்.

இப்போது சென்னைக்குக் குடிநீர் தருகிற ஏரிகளின் கணக்கு: பூண்டி 3,231 மில்லியன் கன அடி, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, 2020இல் வந்த கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை 500. ஐந்தும் சேர்ந்தால் 11,757. கடலூர் மாவட்டத்து வீராணத்தின் 1,465ஐயும் சேர்த்தால் 13.2 டி.எம்.சி. ஊருக்கு மாதம் ஒரு டி.எம்.சி. வேண்டும் என்று வைத்துக்கொண்டால் ஆவியானது போக ஒரு வருஷத்துக்கே இழுபறிதான். இது போதாது என்றுதான் கிருஷ்ணா தண்ணீருக்கு 1983இல் ஆந்திராவோடு ஒப்பந்தம் போட்டு, 1996இல் பூண்டிக்கு முதல் தண்ணீர் வந்தது. வருஷத்துக்கு 12 டி.எம்.சி. என்பது ஒப்பந்தம், முழுசாக வருவது அரிது. அந்தத் தண்ணீர் நமக்குக் கிளம்புகிற கண்டலேறு அணையும், நெல்லூர் மாவட்டத்தில், மண் அணைதான். ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளம், 68 டி.எம்.சி. நம்ம ஏரி எல்லாவற்றையும் ஐந்து தடவை அதில் கொட்டலாம். நடுவில் நெல்லூர், திருப்பதி பக்கத்து விவசாயிகளும் அதே தண்ணீரை எதிர்பார்க்கிறார்கள் என்பதால், அங்கே கோடையில் கால்வாயில் மோட்டார் வைத்து எடுக்கிறார்கள் என்று நாம் கத்துவதில் முழு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பூண்டியிலிருந்து செம்பரம்பாக்கத்துக்குக் கால்வாய் இருக்கிறது, புழலுக்கும் இருக்கிறது. அதனால் ஒரு ஏரியில் எத்தனை அடி வைப்பது என்பது அந்த ஒரு ஏரியோடு முடிகிற முடிவு இல்லை. பூண்டி நிரம்பி கொசஸ்தலையாற்றில் திறக்கிற நாளில் அங்கிருந்து இங்கே தள்ள முடியாது, இங்கேயும் அதே மழைதான்.

அப்போ திறக்கிற தண்ணீரை என்னதான் பண்ணுவது? கரையை இன்னும் உயர்த்துவது சுலபமாகத் தோன்றும், ஆனால் உயரம் கூடக் கூட அடிவாரமும் அகலமாக வேண்டும், அந்த அடிவாரத்தை ஒட்டி இன்று வீடு இருக்கிறது. எனக்கு நம்பிக்கை தருவது சிக்கராயபுரம் கல்குவாரிகள். மாங்காடு பக்கம், ஏரியிலிருந்து கூப்பிடு தூரம். 2017, 2019 வறட்சியில் அதிலிருந்து எடுத்து சுத்திகரித்து நமக்குக் கொடுத்தார்கள். பாறைக் குழி என்பதால் கரை உடைகிற பேச்சே இல்லை. மழைக்காலத்தில் ஏரியின் அந்த மேல் இரண்டு அடியை அங்கே தள்ளிவைக்க முடிந்தால், கொஞ்சமாவது வயிற்றெரிச்சல் குறையும். சின்ன ஏரிகளுக்கு இடையே இருந்த கால்வாய்களை மீட்பது இதைவிடப் பெரிய வேலை, அதற்கு ஆக்கிரமிப்பு எடுக்க வேண்டும், அதனால் அறிக்கையோடு நின்றுவிடும்.

குழுவில் சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடிநீர் வாரியத்தின் இணையதளத்தில் தினமும் ஏரி நிலவரம் போடுகிறார்கள். அடியை மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்திலேயே வரத்து என்று ஒரு கட்டம் இருக்கும், அதைப் பாருங்கள். 22 அடி, வரத்து 300 என்றால் நீங்கள் கத்தலாம், நானும் கூடக் கத்துகிறேன். 22 அடி, வரத்து 6,000, கடலில் தாழ்வு மண்டலம் என்றால் வண்டியை மேட்டில் நிறுத்தப் போங்கள்.

எனக்கு இருக்கிற கோபம் வேறு. திறக்கும்போது வருகிற எச்சரிக்கை இன்னும் "உபரி நீர் 1,000 கன அடி, கரையோர மக்கள் பாதுகாப்பாக இருக்கவும்" என்றே வருகிறது. எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அக்கா ஆற்றோரம் இருக்கிறார், ஆயிரம் கன அடி என்றால் வாசலுக்கு வருமா வராதா என்று என்னைக் கேட்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? 5,000 திறந்தால் எந்தப் பாலத்தின் கீழ் எவ்வளவு உயரம், 10,000 திறந்தால் எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், இதைப் பாலத் தூணில் பெயிண்ட் அடித்து எழுதி வைக்க என்ன செலவாகிவிடும்?